மாக்கிரட் அக்காவின் மூக்கு

மாக்கிரட் அக்காவை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். கிளாஸ் கழுவுவதற்கு. கிளாஸ் கழுவுவதைத் தவிர வேறு எதுவும் அங்கே அவருக்கு வாய்க்கக்கூடும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். போயிருக்கமாட்டேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிகிறது.

கடை பலெர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள தெருவில் இருக்கிறது. வைன் விற்கும் கடை. எட்டு மேசைகளும் உண்டு, உட்கார்ந்து குடிக்கலாம். இங்கே அதை எனோதேகா என்பார்கள். உரிமையாளர் சிஞ்ஞோரா அதேலே, அறுபது வயதுப் பெண்மணி. 2016 செப்ரெம்பரில் நான் அங்கே பயிற்சி வேலைக்குச் சேர்ந்தேன். பலெர்மோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் முடித்து ஏழு மாதமாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அம்மா இருபத்திரண்டு வருடமாக வீடு துடைக்கிறார். அப்பா ஒரு ஹோட்டல் குசினியில் நிற்கிறார். பட்டம் பெறும் நாளில் இங்கே தலையில் லோரெல் இலையால் கட்டிய வளையம் ஒன்றை வைப்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் அம்மா அந்த வளையத்தைப் பிரித்து, இலைகளைக் கழுவிக் காயவைத்து, கோழிக்கறிக்குப் போட்டார். நல்ல இலையை ஏன் எறிவான் என்றார். மூன்று மாதம் என் பட்டத்தைச் சாப்பிட்டோம்.

பட்டம் பெற்ற எவரையும் இத்தாலியர் தொத்தோரே என்பார்கள், பெண் என்றால் தொத்தொரெஸ்ஸா. அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் கனகம்மா அன்ரி இதைக் கேள்விப்பட்டு முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு வந்தார். நான் அந்த டொக்டர் இல்லை என்றதும், அப்ப நாலு வருசம் என்னத்தைப் படிச்சனீர் என்று கேட்டார். வைன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதைத்தான் படித்திருந்தேன். என் ஆய்வுக்கட்டுரை மேற்குச் சிசிலியின் வைன் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியது. கம்போரியாலே, சன் சிப்பிரெல்லோ பக்கத்துச் சரிவுகளில் விளையும் திராட்சை முன்பெல்லாம் சங்கத் தொட்டிகளில் வைனாகி, தாங்கி லொறிகளில் ஏறி வடக்கே போய் அங்குள்ள மெலிந்த வைன்களுக்குப் பலம் கொடுக்கும். போத்தலில் ஊர்ப்பேர் இருக்காது. கடந்த இருபது வருடத்தில்தான் சில குடும்பங்கள் தங்கள் பேரை ஒட்டி விற்கத் தொடங்கின. கப்பலில் வந்திறங்கும் பயணிகள் அதைப் பொலிதேயாமாவில் குடிக்கிறார்கள். திராட்சை மலையில் விளைகிறது; தோட்டக்காரக் குடும்பங்கள் பலெர்மோவில், உயர்ந்த கூரை வைத்த வீடுகளில் இருக்கின்றன. அந்த வீடுகளின் தூசியை எங்கள் அம்மாமார் துடைக்கிறார்கள். இப்படித்தான் கட்டுரையில் எழுதியிருந்தேன்; கடைசி இரண்டு வரியையும் பேராசிரியர் வெட்டச் சொன்னார். வெட்டினேன். வெட்டியிருக்கக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன், ஆனால் அன்று அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

மாக்கிரட் அக்கா எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்தார். என்னை விட ஒன்பது வயது மூப்பு. வன்னியில் நாச்சிக்குடாக் கடற்கரை அவருடைய இடம். 2012 இல் எமிலியானுஸ் அண்ணனைக் கட்டி இங்கே வந்தார். அண்ணன் ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். அக்காவுக்கு இத்தாலிய மொழி ஓடவில்லை. பல்லரோச் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத் தெரியும். அங்கே சொற்கள் அவருக்கு அதிகம் தேவைப்படவும் இல்லை. மீனைத் தூக்குவார், செவுளுக்குப் பக்கத்தில் ஒரு தடவை மூச்சு இழுப்பார், திரும்ப வைப்பார். கடைக்காரர்கள் அவரைக் கண்டால் நல்லதைத்தான் எடுத்து வைப்பார்கள். நான் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு, கொஞ்சம் தள்ளி நின்றிருக்கிறேன்.

கடையில் கிளாஸ் கழுவிய பெண் நின்றுவிட்டாள். ஆள் தெரியுமா என்று சிஞ்ஞோரா கேட்டார். தமிழர் என்றால் நம்பிக்கை என்று நினைக்கும் தலைமுறை அவர். நான் அக்காவைச் சொன்னேன். மத்தியானம் நாலு மணித்தியாலம், ஒப்பந்தக் கடதாசி எதுவும் இல்லை.

ஒக்ரோபரில் ஒரு நாள், கப்பலில் இருந்து வந்த ஒரு சோடி அரைக் கிளாசோடு எழும்பிப் போனது. அக்கா அந்தக் கிளாசைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றார்.

"நிலக்சி, இது பழுதாப் போச்சு."

வைன் அப்படித்தான் மணக்கும் என்றேன்.

"இல்லைப் பிள்ளை. நனைஞ்ச சாக்கிலை கட்டின கருவாடு மாதிரிக் கிடக்கு."

வாங்கி மணந்தேன். வைன் மணந்தது. வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த மேசையில் அதே போத்தலில் இருந்து ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கருவாடு என்ற சொல் அந்த இடத்தில் கேட்டதே எனக்குக் கூச்சமாக இருந்தது, அங்கே ஒருவருக்கும் அது விளங்காது என்றாலும். அவள் என்ன சொல்கிறாள் என்று சிஞ்ஞோரா கேட்டபோது, கிளாசை எங்கே வைப்பது என்று கேட்கிறா என்றேன். அக்கா என்னைத் தாண்டிக் கையை நீட்டி, "நோ புவோனோ" என்று கிளாசை அவரிடமே கொடுத்தார். சிஞ்ஞோரா ஒரு தடவை மணந்தார். முகம் மாறியது. நேரே அடுத்த மேசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அந்தப் போத்தலை எடுத்துவிட்டு வேறொன்றைத் திறந்தார்.

போத்தலின் தக்கை பழுதானால் வைனில் ஈரக் காட்போட் மணம் ஏறும். அந்தக் குற்றத்துக்குக் காரணமான இரசாயனத்தின் முழுப்பெயர் எனக்கு மனப்பாடம். என் கட்டுரையில் அதற்கு ஒரு அடிக்குறிப்பே உண்டு.

அன்றிலிருந்து கடையில் ஒரு பழக்கம் வந்தது. எந்தப் போத்தலைத் திறந்தாலும் சிஞ்ஞோரா ஒரு விரல் அளவு ஊற்றிக் குசினி வாசலுக்குக் கொண்டுபோவார். அக்கா கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பி மூச்சை வெளியே விட்டு, பிறகு கிளாசுக்குள் ஒரே ஒரு தடவை இழுப்பார். தலையை ஆட்டினால் மேசைக்குப் போகும். நோ புவோனோ என்றால் போத்தல் ஒதுக்கப்பட்டு வைன் தோட்டத்துக்கே திரும்பிப் போகும். அவர்கள் மாற்றித் தருவார்கள். ஒரு நாளும் அவர் ஒரு சொட்டு விழுங்கியதில்லை. குடிச்சால் பிறகு மணக்காது என்றார். தகப்பனின் மீன்வாடியில் சிறுவயதிலிருந்து கருவாட்டுக் கட்டுகளைப் பிரிக்காமலே மணந்து, எது தென்பகுதிக்குப் போகும் லொறிப் பயணத்துக்குத் தாங்கும், எது தாங்காது என்று சொன்னவராம். அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்னது போலச் சொன்னார்.

சிஞ்ஞோரா வாடிக்கையாளர்களிடம் என்னை "எங்கள் தொத்தொரெஸ்ஸா" என்று அறிமுகம் செய்வார். அவர்கள் தலையசைப்பார்கள். பிறகு குசினிப் பக்கம் கையைக் காட்டி, "அது எங்கள் மூக்கு" என்பார். அவர்கள் எழும்பிப் போய்ப் பார்ப்பார்கள்.

எனக்குப் பொறாமை. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் குசினியில் கராம்பு, கறுவா, மிளகு, தேசிக்காய்த் தோல் என்று சின்னச் சின்னப் போத்தல்களில் அடைத்து, கண்ணை மூடிக்கொண்டு மணந்து பழகினேன். கராம்பைக் கண்டுபிடித்தேன். மற்றவற்றில் பாதிக்குப் பாதி பிழைத்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, தடிமன் என்றால் ஆவி பிடி, ஏன் சரக்கைப் பழுதாக்கிறாய் என்றார்.

அடுத்த வருடம் செப்ரெம்பரில் சிஞ்ஞோரா இரண்டாவது கடை திறக்கப் போவதாகச் சொன்னார். 2018 இல் பலெர்மோ நாட்டின் கலாசாரத் தலைநகர். சனம் வந்து குவியும் என்று ஊரே கதைத்தது, பூட்டிக் கிடந்த கடைகளுக்கெல்லாம் பெயின்ற் அடித்தார்கள். புதுக் கடைக்கு ஒரே ஒருவரை நிரந்தர ஒப்பந்தத்தில் எடுப்பதாகவும் சொன்னார். அது நான்தான் என்று நான் நினைத்தேன். அம்மா நினைப்பதோடு நிற்கவில்லை. வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவில் தொடங்கி ஞாயிற்றுப் பூசைக்கு வரும் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

மூன்று கிழமை கழித்து சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். மாக்கிரட்டை வைன் சுவைஞர் படிப்புக்கு அனுப்ப யோசிக்கிறேன், அவளுக்கு விருப்பமா என்று கேட்டுச் சொல் என்றார். படித்தால் புதுக் கடையை அவளை வைத்தே நடத்தலாம் என்றும் சொன்னார். பாடப் புத்தகம் இத்தாலிய மொழியில் இருக்கிறதே, அதை நீ அவளுக்குத் தமிழில் சொல்லிக் கொடுப்பாயா?

அந்தப் புத்தகம் என்னிடம் இருந்தது. என் காசில் வாங்கி, மூன்று நிறத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவேயில்லை.

அந்த வேலை அக்காவுக்கு எவ்வளவு முக்கியம் என்று அந்தக் கட்டடத்தில் வேறு எவரையும் விட எனக்குத்தான் தெரியும். எல்லோருடைய படிவங்களையும் நிரப்புவது நான். எமிலியானுஸ் அண்ணன் பார்த்த கிழவர் முந்தின வருடம் இறந்துபோனார். வேலை தேடுபவருக்கு ஒரு வருடத்துக்குக் கொடுக்கும் வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, அண்ணனுக்குப் பெப்ரவரி கடைசியில் முடிகிறது. அக்காவின் பெர்மெஸ்ஸோ அண்ணனுடையதில் தொங்குகிறது. பெப்ரவரிக்குள் இரண்டு பேரில் ஒருவர் வேலை ஒப்பந்தம் ஒன்றைக் குவெஸ்துராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில் காட்டவேண்டும். காட்டாவிட்டால் இரண்டு பேருமே கடதாசி இல்லாத ஆக்கள். நான் இங்கே பிறந்தவள். பதினெட்டு வயதில் இத்தாலியக் குடியுரிமை எடுத்துவிட்டேன். அந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்குப் போவது மானம் மட்டும்தான். இதெல்லாம் தெரிந்தும் பொறாமை குறையவில்லை. தெரிந்தால் குறையும் என்று நான் நம்பியிருந்தேன்.

நவம்பரில் டென்மார்க்கில் இருந்து ஒருவர் வைன் வாங்க வருவதாக இருந்தது. கம்போரியாலேத் தோட்டமொன்றின் நாலு வைன்களை எங்கள் கடையில் வைத்துச் சுவைத்துப் பார்ப்பார். பிடித்தால் சிஞ்ஞோரா வழியாக வாங்குவார். கொம்பியூட்டரில் படங்கள் காட்டி ஆங்கிலத்தில் விளக்குவது நான். போத்தல்களை மணந்து பார்த்து, கிளாஸ்களை வைப்பது அக்கா. ஒருவரும் சென்ற் பூசக்கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது என்று சிஞ்ஞோரா முதல் நாளே சொன்னார். அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான்.

இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் குசினிக்கும் உடுப்புக்கும் இடையே கதவு கிடையாது. எட்டு வயதில் என் கோட்டை மணந்துவிட்டு வகுப்புப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். அதன்பிறகு நாங்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தோம்: கோட்டைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி பல்கனியில் தொங்கவிடுவோம், வெளிக்கிடும்போது உள்பக்கம் சென்ற் அடிப்போம். அன்று காலை அம்மா செத்தல் மிளகாய் வறுத்தார். என் நல்ல கறுப்புக் கோட் கதவுக்குப் பின்னால் தொங்கியது. வாசலில் நின்று மணந்து பார்த்தேன். மிளகாய் மணக்கிறதா, என் பயம்தான் மணக்கிறதா என்று தெரியவில்லை. கை தானாகப் போனது. கோட்டின் உள்துணியில், வலப்பக்கம், ஒரே ஒரு தடவை அடித்தேன். உள்ளேதானே, தெரியாது என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்கு டென்மார்க்காரர் வந்தார், கூடவே வைன் தோட்டத்துக்காரரும். நான் படங்களைக் காட்டினேன். எல்லாம் நன்றாகப் போனது. வெயில் யன்னலால் என் முதுகில் விழுந்துகொண்டிருந்தது, உடம்பு சூடாகியது. டென்மார்க்காரர் முதல் கிளாசை எடுத்து மணந்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். இந்த அறையில் யாரோ மல்லிகை கொண்டு வந்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு உதட்டில் மட்டும் இருந்தது.

சிஞ்ஞோரா என்னைப் பார்க்கவில்லை. நான் படித்தவள், கட்டுப்பாடு தெரிந்தவள் என்று நினைத்திருப்பார். அவர் பார்த்தது அக்காவை. சென்ற் பூசினாளா என்று கேள் என்றார்.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

"அக்கா, சென்ற் போட்டனீங்களோ எண்டு கேக்கிறா."

அக்கா கையில் இருந்த கிளாசை மேசையில் வைத்தார். குரல் உயரவில்லை.

"நான் போடேல்லை. அது உம்மடை கோட்டிலை. உள்ளுக்கை, வலப்பக்கம். வந்த உடனை எனக்குத் தெரியும். சொல்லும் அவவுக்கு, கழட்டி வெளியிலை வையும்."

சிஞ்ஞோரா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரர் பார்த்தார், டென்மார்க்காரர் பார்த்தார். நான் சொன்னேன்: "மன்னிக்கச் சொல்கிறா."

ஸ்கூசா. மன்னியுங்கள். பலெர்மோவுக்கு வரும் எந்தத் தமிழரும் முதலில் படிக்கும் இத்தாலியச் சொல் அது. அக்காவுக்கு அது விளங்காமல் இருக்க வழியே இல்லை. அவர் என் முகத்தை ஒரு மூச்சு நேரம் பார்த்தார். பிறகு ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுப் பின்கதவால் போனார். நான் சூடாக இருக்கிறது என்று சொல்லிக் கோட்டைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தேன். யன்னலைத் திறந்தார்கள். இருபது நிமிடத்தில் மல்லிகை போய்விட்டது. டென்மார்க்காரர் நாலு வைனில் மூன்றை எடுத்தார்.

பின்னேரம் சிஞ்ஞோரா என் தோளைத் தட்டினார். நல்ல மூக்கு இருந்தால் மட்டும் போதாது என்றார். புது வருடத்துக்குப் பிறகு ஒப்பந்தம் எழுதலாம் என்றார்.

அக்கா அடுத்த நாளும் வந்தார். வேலையை விட அவருக்கு வசதியில்லை. கிளாஸ் கழுவினார், அடுக்கினார், போனார். சிஞ்ஞோரா வாசலுக்குக் கிளாஸ் கொண்டுபோவதை நிறுத்திவிட்டார். தானே மணந்து பார்த்தார். மார்கழியில் இரண்டு பழுதான போத்தல்கள் மேசைக்குப் போய்த் திரும்பி வந்தன. இரண்டாவது தடவை நான் குசினிக்குள் நின்றேன். அக்கா அந்தக் கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். தண்ணீரைத் திறந்து கழுவி வைத்தார்.

கட்டடத்திலும் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. கனகம்மா அன்ரிக்குத் தெரிந்திருந்தால் ஒரு நாளில் முழு அல்பெர்கேரியாவுக்கும் தெரிந்திருக்கும். சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன், கோபப்பட்டிருப்பேன், எனக்கு ஏதாவது செய்யக் கிடைத்திருக்கும். அவருடைய அந்த மௌனத்தின் மேலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நானாக இருந்தால் அன்று பின்னேரமே எல்லோருக்கும் சொல்லியிருப்பேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா மேலே ஏறி வந்தார். கையில் தபால் கந்தோரில் கொடுக்கும் பெரிய உறை, பெர்மெஸ்ஸோப் படிவம். என்னைத் தவிர அதை நிரப்ப வேறு ஆள் இல்லை. கதிரையில் இருக்கவில்லை, மேசைக்குப் பக்கத்தில் நின்றார். பெயர், பிறந்த இடம், வீட்டு விலாசம் எல்லாம் எழுதினேன். வேலைப் பக்கம் வந்தது. பேனையைத் தூக்கிக்கொண்டு இருந்தேன்.

"அதை வெறுமையா விடும். அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை" என்றார். பிறகு, "உமக்கு எப்ப கையெழுத்து, கடையிலை?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை என்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்டு சொல்லட்டே. கடையிலை நீர் கதைக்கிறதைக் குசினிக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டு நிப்பன். நீர் வாய் திறந்தால் வெள்ளையள் கேக்கினம். எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். அந்த வாய் எனக்கு இருந்தால் நான் ஆரையும் கேக்கத் தேவையில்லை எண்டு. அதாலை உம்மடை எரிச்சல் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் நான் உம்மடை வாயைப் பறிக்கேல்லைப் பிள்ளை."

உறையை எடுத்துக்கொண்டு கீழே போனார். அவர் என்னைப் பார்த்து எரிந்தார் என்பது எனக்கு ஒருபோதும் தோன்றியதே இல்லை. பொறாமைப்பட ஏதாவது என்னிடமும் இருந்தது என்று முதன்முதலில் கேட்டபோது, வெட்கத்துக்கு நடுவிலும் ஒரு கணம் சந்தோசப்பட்டேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். ஒப்பந்தம் மேசையில் இருந்தது, பக்கத்தில் பேனை. உட்காராமலே சொன்னேன். மல்லிகை என் கோட்டில் இருந்தது; மாக்கிரட் அதைச் சரியாகச் சொன்னா, வலப்பக்கம் என்றுகூடச் சொன்னா; மன்னிப்பு அவ கேட்டதல்ல, நான் சொன்னது. சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சென்ற் பூசியது ஒன்றுமில்லை, எவருக்கும் நடக்கும். ஆனால் நான் ஒரு கேள்வி கேட்டேன், அவள் சொல்லாத பதிலை நீ தந்தாய். நாளைக்கு டென்மார்க்காரன் சொல்வதை எனக்கு எப்படித் தருவாய்?"

சொல்லிவிட்டால் மன்னித்து, ஒப்பந்தத்தையும் தருவார் என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அந்தத் தாளை இழுப்பறைக்குள் வைத்தார். மாக்கிரட் வந்ததும் நீயும் நில் என்றார். அவளுக்குச் சொல்ல இன்றைக்கு மட்டும் உன்னை விட்டால் வேறு வழியில்லை என்றார்.

மத்தியானம் அக்கா வந்தார். சிஞ்ஞோரா அவரை முன் மேசையில், வாடிக்கையாளர் கதிரையில் இருத்தினார். தான் அன்று பிழையான ஆளைப் பார்த்ததாகச் சொன்னார். புதுக் கடை வேலை, நிரந்தர ஒப்பந்தம், படிப்புக்கு அனுப்புவது, இந்தக் கிழமையே எழுதலாம், குவெஸ்துராவுக்குக் கடிதமும் தரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். படிப்பைப் பற்றி ஒக்ரோபரிலேயே கேட்கச் சொன்னவர், நான்தான் கேட்காமல் விட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்க்காமல் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இவ சொல்லுறதை நான் எப்பிடி நம்பிறது எண்டு கேளும்."

இவ என்றது என்னை. அதை இத்தாலிய மொழியில் சொன்னேன். அப்படியே சொன்னேன். சிஞ்ஞோரா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, மாக்கிரட் என்று பெரிய எழுத்தில் எழுதினார். கடையின் பெயரை எழுதினார். இரண்டையும் கோடு போட்டு இணைத்தார். கீழே தொடங்கும் திகதி. முடியும் திகதிக்கு ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டு, கையை விரித்துக் காட்டினார். அக்கா அந்த வெறும் வட்டத்தை விரலால் ஒருதடவை சுற்றினார். "சி" என்றார், ஆம் என்று.

புத்தகத்தை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று சிஞ்ஞோரா கேட்டார். கேள்வி என்னிடமா அவரிடமா என்று தெரியவில்லை. நான் அதையும் தமிழில் சொன்னேன்.

அக்கா யோசித்தார். "வேறை ஆர் இருக்கினம் இஞ்சை? இவவே சொல்லட்டும். ஆனால் நான் ஒரு பக்கத்தைத் திருப்பி வேறை ஆளிட்டையும் கேப்பன் எண்டு சொல்லும். எந்தப் பக்கம் எண்டு இவவுக்குச் சொல்லமாட்டன்."

அதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். சிஞ்ஞோரா வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை ஒப்பந்தம் தயாரானது. அக்கா பெயரை இத்தாலிய எழுத்தில் மெதுவாக எழுதினார், ஒவ்வொரு எழுத்துக்கும் பேனையைத் தூக்கித் தூக்கி வைத்து. கண்ணாடி மேசையில் தாள் வழுக்கியது. நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். எழுதி முடியும்வரை, அந்தக் கையெழுத்துக் கோட்டின் மேல் என் பெயர் எவ்வளவு விரைவாக எழுதப்பட்டிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.